ஆசையும் ஆட்சியும்

கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. தன்னை நாடி வந்த பாணர்க்கும் புலவர்க்கும் வரையாது வழங்கியமையால் அவன் பெயர் இன்றும் நின்று நிலவுகிறது. இம்மலையில் பெய்யும் மழை ஐயாறாகத் திரண்டு, ஆகாய கங்கை என்னும் அருவியாய் வீழ்ந்து, சமவெளியில் இறங்கிக் காவிரியோடு கலக்கிறது. காவிரி திருச்சிராப்பள்ளியைக் கடந்து, பல கிளைகளாகப் பிரிந்து, தஞ்சை நாட்டு வயல்களில் பாய்கிறது. ஆகவே, தஞ்சையில் விளையும் நெல்லில் கொல்லிமலை நீருக்கும் ஒரு பங்கு உண்டு எனலாம்.

அந்த நெல்லின் பொருட்டு 18-ஆம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டைக்குள் ஒரு பெரும்பூசல் விளைந்தது. கவர்னர் ஒருவர் தம் ஆலோசனைச் சபையினராலேயே சிறைப்படுத்தப்பட்டார். சிறையிலிருந்து மீளாமலே உயிரும் நீத்தார். அவர் பெயர் ஜார்ஜ் பிகட். பதினெட்டு வயதில் எழுத்தராய்ச் சென்னைக்கு வந்து, கவர்னராய் உயர்ந்து, இங்கிலாந்தின் பார்லிமெண்டில் உறுப்பினராகி, பிரபுப் பட்டமும் பெற்றவர் அவர். அவருடைய வரலாறு பதவியாசையின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் ஒருங்கே காட்டுவது. ஆள்வோர் தம் கைப்பொருளைப் பெருக்க முற்பட்டால் அதன் சுமை எவர் தலையில் விழும் என்பதையும் அது நமக்கு அறிவுறுத்துகிறது.

எழுத்தராய் வந்தவர்

ஜார்ஜ் பிகட் 1719-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் நிலமோ குலச்சிறப்போ இல்லாத குடும்பத்து இளைஞர் உயர்நிலை அடைதல் அரிது. அத்தகையோர்க்குக் கிழக்கிந்தியக் கும்பினி ஒரு புதுவழியைத் திறந்து வைத்திருந்தது. கடலைக் கடந்து கீழ்த்திசை சென்றால், நோய்க்குத் தப்பிப் பிழைப்பவர் பெருஞ்செல்வராய்த் திரும்பலாம் என்னும் நம்பிக்கை அங்கே பரவியிருந்தது. பிகட் 1736-இல் கும்பினியின் பணியிற் சேர்ந்து, அடுத்த ஆண்டு சென்னை வந்திறங்கினார்.

அவர் ஏற்ற பதவி 'ரைட்டர்' என்னும் எழுத்தர் பதவி. கணக்கு எழுதுதலும், கடிதங்களைப் படியெடுத்தலும், சரக்குகளை எண்ணிப் பதிதலும் எழுத்தரின் தொழில்கள். அதற்குக் கிடைத்த ஊதியம் ஆண்டொன்றுக்கு 5 பவுனே ஆகும். அச்சிறு தொகைக்காக ஒருவர் ஆறு திங்கள் கடற்பயணம் செய்து வருவரோ என்று நீங்கள் வியக்கலாம். கும்பினியார் தம் ஊழியர்க்குக் குறைந்த ஊதியம் கொடுத்தனர். ஆயின் அவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் வாணிகம் செய்து பொருளீட்ட இசைவும் கொடுத்தனர். காலையில் கும்பினியின் கணக்கை எழுதியவர், மாலையில் தம் சொந்தக் கணக்கை எழுதினார். ஊழியமும் வாணிகமும் ஒருவர் கையிலேயே கலந்திருந்தன. இவ்வரலாற்றில் பின்னர் விளைந்த கேடுகளுக்கெல்லாம் வித்து இக்கலப்பிலேதான் இருந்தது.

பிகட் பொறுமையும் ஊக்கமும் உடையவர். படிப்படியாக உயர்ந்து ஆலோசனைச் சபையில் இடம்பெற்றார். 1751-இல் இராபர்ட் கிளைவோடு சேர்ந்து, விருத்தாசலம் வரை ஒரு படையை வழிநடத்திச் சென்றார். அங்கிருந்து சிறு துணையோடு திரும்புகையில், பாளையக்காரரின் வீரர் அவர்களைத் தாக்கினர். குதிரைகளின் விரைவினாலேயே இருவரும் உயிர் தப்பினர். அன்று தப்பிய இருவரும் பின்னாளில் பிரபுக்கள் ஆயினர். இருவரும் பார்லிமெண்டில் அமர்ந்தனர். இருவரும் பெரும்பழிக்கும் ஆளாயினர்.

முதன்முறை கவர்னர்

1755-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், முப்பத்தைந்தே வயதில், பிகட் சென்னையின் கவர்னர் ஆனார். அது போர்க்காலம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ்நாட்டில் மேலாண்மை பெறுதற்குப் போராடிக் கொண்டிருந்தனர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டான். கோட்டைக்குள் படைத்தலைமையை லாரன்சு ஏற்றார். உணவு, பணம், மருந்து ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைப் பிகட் ஏற்றார். இரண்டு திங்களுக்கு மேல் முற்றுகை நீடித்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து தோன்றவே, லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினான்.

ஈராண்டுகளுக்குப் பின், 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நகர் இங்கிலாந்து அரசருக்கு உரியதா, கும்பினிக்கு உரியதா என்னும் வழக்கு அப்போது எழுந்தது. அரசரின் படைத்தலைவர்கள் அரசருக்கே உரியது என்றனர். பிகட் அதனை ஏற்கவில்லை. நகரைக் கும்பினியிடம் ஒப்படைத்தாலன்றிப் படைகளுக்குச் சம்பளப் பணம் அளிக்க இயலாது என்று உறுதியாய் மறுத்தார். வேறு வழியின்றிப் படைத்தலைவர்கள் இணங்கினர். பணப்பையைப் பிடித்தவன் வாளைப் பிடித்தவனையும் ஆட்டிவைக்கலாம் என்பதைப் பிகட் நன்கு அறிந்திருந்தார். அதே படை பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தம்மையே சூழ்ந்து கொள்ளும் என்பதை அவர் அன்று அறிந்திலர்.

1762-இல் பிகட் தஞ்சை மன்னருக்கும் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்கும் இடையே ஓர் உடன்படிக்கை செய்வித்தார். தஞ்சையை அப்போது ஆண்டவர் மராட்டிய மரபினராகிய பிரதாபசிங்கர். அவர் நவாபுக்குப் பழைய பாக்கியாக 22 இலட்சம் ரூபாயைத் தவணைகளில் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் திறையும் செலுத்த வேண்டும். நவாப் தஞ்சை நாட்டின் ஆட்சியில் தலையிடுதல் கூடாது. இவையே உடன்படிக்கையின் சாரம். கும்பினியின் பெயரால் பிகட் இதற்குப் பிணை நின்றார்.

பிரபுவும் பார்லிமெண்டு உறுப்பினரும்

1763-ஆம் ஆண்டின் இறுதியில் பிகட் பதவியினின்று விலகித் தாயகம் சென்றார். எழுத்தராய் வந்தவர் பெருஞ்செல்வராய்த் திரும்பினார். இங்கிலாந்தின் ஸ்டாபர்டுஷயர் என்னும் பகுதியில் பாட்சல் என்னும் பெரும்பண்ணையை ஓர் இலட்சம் பவுன் கொடுத்து வாங்கினார். ஆண்டுக்கு 5 பவுன் ஊதியத்தை மட்டும் சேர்த்து வைத்திருப்பின், அத்தொகை சேர இருபதினாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும்!

செல்வத்தின் பின்னே பட்டங்கள் வந்தன. 1764-இல் 'சர்' பட்டத்தோடு கூடிய பாரனெட் பதவி கிடைத்தது. 1765-இல் வாலிங்போர்டு என்னும் தொகுதியின் உறுப்பினராய்ப் பார்லிமெண்டில் நுழைந்தார். 1766-இல் அயர்லாந்து நாட்டின் பிரபுவாக்கப்பட்டார். இங்கிலாந்துப் பிரபுவாயின் மக்கள் சபையில் அமர இயலாது. அயர்லாந்துப் பிரபுவாயின் அமரலாம். ஆதலால் பிரபுப் பட்டத்தையும் மக்கள் சபை இடத்தையும் ஒருசேர வைத்துக்கொள்ள விரும்பியோர்க்கு இது வாய்ப்பான ஏற்பாடு. கிளைவும் இத்தகைய பிரபுவே. 1768 முதல் தம் இறுதி வரை பிகட் பிரிட்ஜ்நார்த் என்னும் தொகுதியின் உறுப்பினராய் இருந்தார்.

அக்காலத்துத் தேர்தல் இக்காலத்துத் தேர்தல் போன்றது அன்று. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆண்களிலும் மிகச் சிலர்க்கே அஃது இருந்தது. பல தொகுதிகளில் வாக்காளர் தொகை சில நூறே. வாக்குகள் வெளிப்படையாக அளிக்கப்பட்டன. ஆதலின் பணமுடையோர் தொகுதியையே விலைக்கு வாங்குதல் எளிதாயிற்று. கீழ்த்திசையில் பொருளீட்டித் திரும்பி, பார்லிமெண்டில் இடம் தேடியோரை அந்நாட்டு மக்கள் 'நபாப்' என்று எள்ளி நகையாடினர். நம் ஆர்க்காட்டு நவாபின் பட்டமே இங்கிலாந்தில் இவ்வாறு ஏளனச் சொல்லாயிற்று.

நவாபின் கடன்

பிகட் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் சென்னையில் வேறொரு நோய் முற்றிக் கொண்டிருந்தது. அதுவே நவாப் முகம்மது அலியின் கடன்.

முகம்மது அலி ஆங்கிலேயரின் துணையால் ஆர்க்காட்டு அரியணையைப் பெற்றவர். அவர்பொருட்டு நடந்த போர்களின் செலவைக் கும்பினியார் அவர் கணக்கிலேயே எழுதினர். அவருக்கெனக் காவல் நின்ற படைகளின் சம்பளமும் அவர் தலையிலேயே விழுந்தது. ஆர்க்காட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, சேப்பாக்கத்தில் 1768-இல் அரண்மனை கட்டி, பெருஞ்செலவில் வாழவும் தொடங்கினார். வருவாய் போதவில்லை. கும்பினியின் தவணையைச் செலுத்துதற்குக் கும்பினியின் ஊழியர்களிடமே அவர் தனிக்கடன் வாங்கினார்.

வட்டி நூற்றுக்கு 20 என்றும் 25 என்றும் இருந்தது; சில கடன்களுக்கு 36 வரையிலும் ஏறியது. நூற்றுக்கு 25 வீதம் ஓர் இலட்சம் வராகன் கடன் வாங்கி, வட்டியைச் செலுத்தாமல் முதலோடு சேர்த்துக் கொண்டே வந்தால் என்னாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். முதலாண்டு முடிவில் 1,25,000. இரண்டாம் ஆண்டு முடிவில் 1,56,250. மூன்றாம் ஆண்டு முடிவில் 1,95,312. மூன்றே ஆண்டுகளில் கடன் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். இவ்வாறு வளரும் கடனை எந்த அரசரால் அடைக்க இயலும்?

பணமாய்க் கொடுக்க இயலாத நவாப், நாட்டின் வரியைக் கொடுத்தார். இன்ன சீமையின் மேல்வாரம் இன்ன கடனுக்கு என்று எழுதிக் கொடுத்தார். மேல்வாரம் என்பது விளைச்சலில் அரசுக்கு உரிய பங்கு. உழுதவனுக்கு உரியது குடிவாரம். அரசு ஓர் ஊரில் நிலைத்திருக்க விரும்பும். ஆதலால், மழை பொய்த்த ஆண்டில் வரியைக் குறைக்கும். ஏரி உடைந்தால் அதனைச் சீர்செய்யும். கடன் கொடுத்தவனுக்கோ அவ்வூரின் அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலை இல்லை. இந்த ஆண்டு களத்தில் குவியும் நெல்லே அவன் குறி. எனவே கடன் வளர வளர, குடிமகன் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுசென்ற நெல் குறைந்தது.

நவாபின் நாடு விரிந்தால் தம் கடன் எளிதில் திரும்பும் என்று கடன் கொடுத்தோர் எண்ணினர். அவர்கள் கண் தஞ்சையின் மீது விழுந்தது. திறைப்பாக்கியைக் காரணமாகக் காட்டி, நவாப் கும்பினிப் படையின் உதவியை வேண்டினார். 1773 செப்டம்பரில் கும்பினிப் படை தஞ்சைக் கோட்டையைக் கைப்பற்றியது. பிரதாபசிங்கரின் மைந்தராகிய துளஜா மன்னர் சிறைப்பட்டார். தஞ்சை நாடு நவாபின் வசமாயிற்று. பத்தாண்டுகளுக்கு முன் பிகட் செய்வித்த உடன்படிக்கை சிதைந்தது.

மீண்டும் கவர்னர்

இச்செய்தி இலண்டனை எட்டியதும் கும்பினியின் டைரக்டர்கள் சினங்கொண்டனர். தம் ஒப்புதலின்றித் தஞ்சை பறிக்கப்பட்டது முறையன்று என்றும், துளஜா மன்னருக்கே நாட்டைத் திருப்பி அளிக்க வேண்டும் என்றும் முடிவு செய்தனர். இக்கடமையை நிறைவேற்றப் பிகட்டையே 1775-இல் மீண்டும் கவர்னராக்கி அனுப்பினர். பட்டமும் பண்ணையும் பார்லிமெண்டில் இடமும் பெற்றிருந்த அவர், ஐம்பத்தாறாம் வயதில் மீண்டும் கடலைக் கடக்கத் துணிந்தார். தாம் பிணை நின்ற வாக்கைக் காக்கும் எண்ணமும் பதவியின்மேல் தணியாத விருப்பமும் அவர் உள்ளத்தில் கலந்தே இருந்திருத்தல் கூடும்.

1775 டிசம்பரில் அவர் பதவி ஏற்றார். நவாப் பலவாறு வேண்டியும் அவர் இணங்கவில்லை. தாமே தஞ்சைக்குச் சென்று, 1776 ஏப்ரல் 11-ஆம் நாள் துளஜா மன்னரை மீண்டும் அரசராக அறிவித்தார்.

அப்போது பால் பென்பீல்டு என்னும் கும்பினி ஊழியர் ஒரு கோரிக்கையோடு வந்தார். அவர் சபையில் இடம்பெறாத சிறு ஊழியர். ஆண்டு ஊதியம் சில நூறு பவுனே. அத்தகையவர், தஞ்சையின் வரியிலிருந்து தமக்கு 1,62,000 பவுன் பெற நவாப் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அந்நாட்டார் சிலர் தமக்கு மேலும் 72,000 பவுன் கடன்பட்டிருப்பதாகவும், அவற்றுக்கு ஈடாக வயலில் நிற்கும் விளைச்சல் தமக்கே உரியது என்றும் வழக்காடினார். ஆகக்கூடிய தொகை 2,34,000 பவுன். இவ்வளவு பெரும்பொருள் இவருக்கு எங்கிருந்து வந்தது என்று அனைவரும் வியந்தனர்.

வலிந்து கைப்பற்றிய நாட்டின் விளைச்சலை நவாப் அடகு வைக்கலாமா? நாடு உரியவரிடம் திரும்பிய பின்னும் அவ்வடகு செல்லுமா? உழுதவர் தஞ்சைக் குடிகள். நிலம் தஞ்சை மன்னருடையது. நெல் மட்டும் பென்பீல்டுக்கு உரியதாகுமா? இவையே சபையின் முன் நின்ற வினாக்கள். இக்கோரிக்கை செல்லுமாயின், மன்னர் பெற்றது வெறும் நாடு. அதன் வருவாய் அன்று. சபை முதலில் கோரிக்கையை ஏற்க மறுத்தது. பின்னர்ச் சில நாள்களிலேயே பெரும்பான்மையோர் மனம் மாறி, பென்பீல்டின் பக்கம் சாய்ந்தனர். நவாபுக்குக் கடன் கொடுத்தோரின் செல்வாக்குச் சபைக்குள்ளும் பரவியிருந்தது.

சபையில் பிளவு

பிகட் பெரும்பான்மைக்குப் பணிய மறுத்தார். தஞ்சைக்குத் தம் நண்பர் ரசல் என்பவரை அனுப்ப அவர் விரும்பினார். பெரும்பான்மையோர் அங்கே கர்னல் ஸ்டூவர்ட் என்பவரை அனுப்ப விரும்பினர். தஞ்சையில் இருப்பவர் எவரோ அவர் கையிலேயே நெல்லின் நடப்பும் இருக்கும் என்பது இருதரத்தாருக்கும் தெரியும்.

கவர்னரின் ஒப்புதலின்றிச் சபை எதையும் செய்ய இயலாது என்பது பிகட்டின் வாதம். சபையில் பெரும்பான்மை எதுவோ அதுவே அரசாங்கம் என்பது மற்றையோரின் வாதம். 1776 ஆகஸ்டில் பூசல் முற்றியது. கவர்னரின் கையொப்பமின்றி ஆணையொன்றில் கையொப்பமிட்டனர் எனக் கூறி, ஸ்டிராட்டன், புரூக் என்னும் இரு உறுப்பினரைப் பிகட் பதவியினின்று நிறுத்தினார். குற்றஞ்சாட்டப்பட்டோர் தம் வழக்கில் தாமே வாக்களிக்கலாகாது என்று அவர்களை விலக்கி, தம் தனி வாக்கால் பெரும்பான்மையைப் பெற்றார். மறுநாள் மற்றையோர் சபைக்கு வரவில்லை. தாமே அரசாங்கம் என்று எழுத்து மூலம் அறிவித்தனர். பிகட் அவர்கள் அனைவரையும் பதவியினின்று நிறுத்தி, படைத்தலைவர் சர் இராபர்ட் பிளெட்சரைக் கைது செய்யவும் ஆணையிட்டார்.

இங்கே நாம் நடுவுநிலையோடு எண்ணுதல் வேண்டும். பென்பீல்டின் கோரிக்கையை எதிர்த்ததில் பிகட் நேரிய வழியில் நின்றார். ஆயின், நேரிய நோக்கத்தை முடிக்க அவர் கைக்கொண்ட முறை நேரியது அன்று. வாக்கெடுப்பில் வெல்ல இயலாதபோது வாக்காளரையே நீக்குதல், முறையான ஆட்சிக்கு ஒவ்வாத செயல். தம் தலைவர் முறை தவறியதைக் கண்ட எதிர்த்தரப்பினர், அதனினும் பெரிய முறைகேட்டைச் செய்யத் துணிந்தனர்.

கைதும் மரணமும்

1776 ஆகஸ்டு 24. அன்று கர்னல் ஸ்டூவர்ட் பிகட்டோடு ஒரே பந்தியில் அமர்ந்து உணவு உண்டார். மாலையில் கோட்டையிலிருந்து தோட்டத்து மாளிகைக்குப் பிகட் புறப்பட்டபோது, ஸ்டூவர்ட்டும் அதே வண்டியில் உடன் ஏறிக் கொண்டார். வண்டி தீவுத்திடலைக் கடக்கையில் படைவீரர் வழிமறித்தனர். அவர்களை அங்கே நிறுத்தி வைத்தவர், அருகில் அமர்ந்திருந்த ஸ்டூவர்ட்டே! கவர்னர் வண்டியிலிருந்து இறக்கப்பட்டு, வேறு வண்டியில் பரங்கிமலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஸ்டிராட்டன் கவர்னர் பதவியை ஏற்றார்.

கல்கத்தாவில் இருந்த வாரன் ஹேஸ்டிங்சின் அரசாங்கம் புதிய ஆட்சியையே ஏற்றுக் கொண்டது. இலண்டனுக்குச் செய்தி செல்லவும் அங்கிருந்து ஆணை வரவும் ஓராண்டு ஆகும் காலம் அது. பிகட் காவலிலேயே காத்திருந்தார். ஒன்பது திங்கள் கடந்தன. உடல் நலிவுற்றது. காற்று மாற்றத்தின் பொருட்டுத் தோட்டத்து மாளிகைக்கு அவர் கொண்டுவரப்பட்டார். 1777 மே 11-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவரை மீண்டும் பதவியில் அமர்த்த வேண்டும் என்று கும்பினியின் பங்குதாரர் இலண்டனில் அதற்கு முன்னரே தீர்மானித்திருந்தனர். அத்தீர்மானம் கடலைக் கடந்து வருமுன் காலன் வந்துவிட்டான்.

பின்விளைவுகள்

பிகட்டின் தம்பியரும் நண்பரும் பார்லிமெண்டில் நீதி வேண்டினர். சபையினர் நால்வர்மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1780-இல் விதிக்கப்பட்ட தண்டனை யாது? ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். கடனிலும் வாணிகத்திலும் பல்லாயிரம் பவுன் ஈட்டியோர்க்கு அஃது ஒரு பொருட்டன்று.

பென்பீல்டு இங்கிலாந்து சென்றார். 1780-இல் அவரும் பார்லிமெண்டு உறுப்பினரானார். தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினரை அவர் பார்லிமெண்டுக்குள் புகுத்தினார் என்று எட்மண்டு பர்க் என்னும் பேரறிஞர் குற்றஞ்சாட்டினார். நவாபின் தனிக்கடன்களை ஆராயாமலே கருநாடகத்தின் வருவாயிலிருந்து அடைத்துவிட அரசாங்கம் முனைந்தபோது, 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் பர்க் அதனை எதிர்த்து நெடுநேரம் முழங்கினார். தமிழ்நாட்டு உழவரின் துயரம் இலண்டன் மாமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்ட நாள் அது. எனினும் வாக்கெடுப்பில் பர்க் தோற்றார்.

அக்கடன்களின் உண்மை பின்னரே வெளிப்பட்டது. 1801-இல் கருநாடகம் கும்பினியின் நேராட்சிக்கு வந்தபின், தனிக்கடன்களை ஆராய 1805-இல் குழு அமைக்கப்பட்டது. சுமார் 3 கோடி பவுன் அளவுக்குக் கோரிக்கைகள் குவிந்தன. பல ஆண்டுகள் ஆராய்ந்த பின், அவற்றுள் பத்தில் ஒரு பங்குகூட மெய்யான கடனெனத் தேறவில்லை. பென்பீல்டின் செல்வமும் நிலைக்கவில்லை. 1810-இல் அவர் பாரிசு நகரில் வறியவராய் இறந்தார்.

தஞ்சைக் குடிகளின் நிலை யாது? மன்னருக்கு நாடு திரும்பியது; ஆயின் கும்பினிப் படை ஒன்று அங்கே நிலையாய்த் தங்கியது. அதன் செலவும் நாட்டின் மேலேயே விழுந்தது. 1781-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் வயல்கள் பாழாயின. 1799-இல் தஞ்சை ஆட்சியும் கும்பினியின் கைக்குப் போயிற்று. கோட்டையில் எவர் வென்றாலும் எவர் தோற்றாலும், களத்து நெல்லை அளந்து கொடுத்தவன் உழவனே.

இத்துன்பங்களின் நடுவே நற்பாடம் ஒன்றும் பிறந்தது. வாணிகனும் ஆள்வோனும் ஒருவனாய் இருத்தல் தீது என்பதை ஆங்கிலேயரே உணரத் தொடங்கினர். 1786-இல் கவர்னர் ஜெனரலாய் வந்த கார்ன்வாலிஸ், ஆட்சி ஊழியரின் ஊதியத்தை உயர்த்தி, அவர்கள் தனி வாணிகம் செய்தலைத் தடுத்தார். இன்றியமையா நேரத்தில் கவர்னர் ஜெனரல் சபையின் பெரும்பான்மையை மீறிச் செயற்படலாம் என்றும், அதன் பொறுப்பை அவரே ஏற்க வேண்டும் என்றும் அவ்வாண்டே சட்டம் ஏற்பட்டது. இன்று நம் அரசு ஊழியர் தனி வாணிகத்தில் ஈடுபடலாகாது என்று விதி இருக்கிறது. அவ்விதியின் பின்னே இத்தகைய பல பழைய துன்பங்கள் மறைந்துள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

முடிவுரை

உயர வேண்டும் என்னும் ஊக்கம் குற்றமன்று. அவ்வூக்கம் இல்லையேல் ஜார்ஜ் பிகட் எழுத்தராகவே இருந்து மறைந்திருப்பார். தாம் அளித்த வாக்கைக் காக்க முதுமையிலும் கடல் கடந்து வந்தது அவர் பெருமை. ஆனால் பிறர் நாட்டில் பொருள் குவிப்பதே உயர்வுக்கு வழி என்று வகுத்திருந்த ஓர் அமைப்பின் ஏணியில்தான் அவர் ஏறினார். அவ்வேணியில் அவருக்குப் பின்னே ஏறியவர்களே அவரைக் கீழே தள்ளினர். பிறர் பொருளை விரும்பாமையை வள்ளுவர் 'வெஃகாமை' எனத் தனி அதிகாரமாகவே வகுத்தது எத்துணைப் பொருத்தம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

பிகட் விட்டுச் சென்ற செல்வங்களுள் 'பிகட் வைரம்' என்று பெயர்பெற்ற பெருமணி ஒன்று. அதனை விலைகொடுத்து வாங்குவோர் எளிதில் அகப்படவில்லை. இறுதியில் பார்லிமெண்டின் தனிச்சட்டம் ஒன்றைப் பெற்று, 1801-இல் அதனைக் குலுக்குச் சீட்டில் விட்டனர். பின்னர் அது பலர் கைமாறிச் சென்றது. ஓரியோ தன்னிடம் இருந்ததைப் பிறர்க்கு ஈந்தான். அவன் புகழ் இரண்டாயிரம் ஆண்டுகளாய்க் கொல்லிமலையோடு சேர்ந்தே பேசப்படுகிறது. அம்மலையின் நீர் இன்றும் ஐயாறாய் இறங்கிக் காவிரியைச் சேர்கிறது. எவரிடமும் வட்டி கேளாமல் வயல்களை விளைவிக்கிறது. ஆளும் பொறுப்பை நாளை ஏற்கவிருக்கும் இளைஞர்கள், களத்தில் நிற்கும் உழவனை நினைந்தே எந்த ஓலையிலும் கையொப்பமிடல் வேண்டும்.